சட்டம் கேட்காத ஏழு நாடுகள்

1

சென்ற வாரம் அலுவலகத்தில் எனக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு ஜெர்மனியில், குறைந்தபட்சம் எங்கள் கம்பெனியில், அது வழக்கம். காபி, ஒரு பிளம்ஸ் கேக், பிரிவுத் தலைவரின் இரண்டு நிமிடப் பேச்சு. எங்கள் தலைவர் பெயர் கெர்லாக். உயரமான, குரல் உயர்த்தாத மனிதர். "இந்த ஐந்து வருடத்தில் ஃபிராவ் கோவிந்தசாமியால் நமக்கு ஒரு சிரமமும் வந்ததில்லை" என்று முடித்தார். எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே கைதட்டலுக்குப் பதில் அது.

ஃபிராவ் என்றால் திருமதி. கோவிந்தசாமி என் அப்பா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்ததால், வந்த முதல் வாரமே நகராட்சி அலுவலகத்தில் ஒரு பெண் என் அப்பா பெயரை எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார். வளர்மதி என்ற என் பெயர் இந்த ஊரில் என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அப்ப அங்க என்னைத்தான் பொம்பளன்னு கூப்புடறாங்களா" என்று கேட்டுவிட்டு, போன் கார்டு தீரும்வரை சிரித்தார்.

பெயர் கிடக்கட்டும். சிரமம் கொடுத்ததில்லை என்று சொன்னாரே, அது பொய். ஒரு முறை கொடுத்தேன், நன்றாகவே கொடுத்தேன். அது கெர்லாக்குக்கும் தெரியும். பூங்கொத்தை வைத்து அதை மூடப் பார்க்கிறார் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் யாராவது என் வேலையைக் கேட்டால் வீட்டில் "லேபில் இருக்கிறாள்" என்கிறார்கள். லேபில் இல்லை. ரத்தத்தையோ சிறுநீரையோ உடம்பிலிருந்து எடுத்து வெளியே வைத்துச் சோதிக்கிறார்களே, அந்தக் கிட்டுகளைச் செய்யும் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். உலகத்தில் எங்காவது எங்கள் கிட்டு தவறான பதில் சொன்னால் அந்தக் கடிதம் என் மேசைக்கு வரும். கோப்பு திறப்பது நான். விசாரணை முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு மூடுவதும் நான். டாக்டர் ஊசி போட்டால் வலிக்கிறது, மாத்திரை கொடுத்தால் கசக்கிறது. சோதனைப் பட்டை நம்மைத் தொடுவதுகூட இல்லை. ஆனால் டாக்டர் ஊசியைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

2

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், கீழே செருப்புக் கடையும் மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக இருந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தது. முதலாளி ராஜமாணிக்கம் கெட்டவர் இல்லை. வெறும் வயிற்றோடு வரும் சர்க்கரைக்காரர்கள் காத்திருக்கக் கூடாது என்று விடிந்ததும் வந்து கதவைத் திறப்பவர்.

ஒரு சித்திரை மாதம் தனக்கொடி என்ற பெண் மாமியாரோடு வந்தாள். ஐந்து மாதம். செராமிக் தொழிற்பேட்டையில் ஃப்யூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் வேலை. நகக்கண் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் களிமண். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன்.

"கழுவிட்டுதாங்க வந்தன். இது போவாது" என்றாள்.

டாக்டர் சீட்டில் நான்கு சோதனை எழுதியிருந்தார். அதில் ஒன்று எச்.ஐ.வி. விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. அவள் பட்டையில் இரண்டாவது கோடு மங்கலாக வந்தது.

"சார், கோடு சரியா இல்ல. வேற கம்பெனி கிட்டுல ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம்" என்றேன்.

"வேற கிட்டு எங்க இருக்குது நம்மகிட்ட? வந்தத எழுது. டாக்டரு பாத்துக்குவாரு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கவரை ஒட்டித் தனக்கொடி கையில்தான் கொடுத்தேன். படியிறங்குவதற்குள் மாமியார் அதைப் பிரித்துவிட்டார். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கீழே செருப்புக் கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே தனக்கொடியை வேப்பூர் பக்கம் தாய்வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். கம்பெனியில் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. அவரிடம் சீட்டு போய்ச் சேரவே இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தனியாக வந்தாள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு விதமாகச் சோதித்திருக்கிறாள். ஒன்றும் இல்லை. அந்தத் தாளையும் என் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல இருக்கறது உங்க கையெழுத்துதானங்க?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டறாங்க. புதுச்சேரி தாள காட்டனா, யாரையோ புடிச்சி வாங்கியாந்துட்டன்னு சொல்றாங்க. தப்பா எழுதனவங்க வந்து தப்புன்னு சொன்னாதான் எடுபடும்."

அவளை உட்காரவைத்துவிட்டுக் கிட்டுப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். காலாவதி மாதத்தின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் இருந்த மாதம் எப்போதோ கடந்துபோயிருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் முப்பது டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. எங்கள் அலமாரி கூரையை ஒட்டி இருந்தது, அதுவும் சித்திரை வெயிலில். ஒட்டியவன் யாரோ, விற்றவன் யாரோ. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து தினமும் பட்டை எடுத்தது நான். பார்க்க வேண்டியது என் வேலை, நான் பார்க்கவில்லை. இதைப் பிறகு யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை.

ராஜமாணிக்கம் போக வேண்டாம் என்றார். "நீ போயி தெருவுல நின்னு தப்புன்னு சொன்னீன்னா நாளைக்கு எவன் வருவான் இங்க? உன் நல்லதுக்குதான் சொல்றன்."

"இல்ல சார், போறன்."

"போனா திரும்பி வராத."

போனேன். ஆலடி ரோட்டுப் பக்கம் ஒரு தெரு. தண்ணீர் வரும் நேரம், குழாயடியில் பத்துப் பதினைந்து பேர் குடத்தோடு நின்றார்கள். "எம்பேரு வளர்மதி. தனக்கொடி ரத்தத்த சோதிச்சது நான்தான். அவங்களுக்கு ஒரு நோவும் இல்ல. நான் போட்ட டெஸ்ட்டு தப்பு, கிட்டு கெட்டுப் போனது" என்று சொன்னேன். ஒரு முறை சொன்னது கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, இன்னொரு முறை சொன்னேன். மாமியார் குடத்தைக் கீழே வைத்தார். தனக்கொடியின் புருஷன் வாசலுக்கு வந்தான்.

"சரி, உள்ள வா" என்றான் அவளிடம்.

தனக்கொடி அசையவில்லை. "எல்லாரும் கேட்டாங்க இல்ல, அது போதும். நான் உன் வூட்டுக்குள்ள வரதுக்காக இவங்கள கூட்டியாரல" என்றாள். என்னைப் பார்த்து, "வாங்க, போவலாம்" என்றாள்.

ஆவணியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேறொரு செராமிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வீட்டுக்கு அவள் திரும்பவே இல்லை. அவள் முடிவு சரியா தவறா என்று எங்கள் பக்கத்தில் பலர் பலவிதமாகப் பேசினார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

ஸ்டிக்கர் ஒட்டிய அந்தக் கிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்கும் போனேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மாத்திரையாம்மா, ஊசியா?"

"ரெண்டும் இல்லைங்க. ரத்தம் டெஸ்ட்டு பண்ற கிட்டு."

"அது உடம்புக்குள்ள போவுதா?"

"போவாதுங்க."

"அப்பறம் என்னாம்மா. உடம்புக்குள்ள போறதுதான் எங்க வேலை. இதுக்கு நான் எந்த ரூல்ல நோட்டீஸ் குடுக்கறது?"

அவர் சொன்னது உண்மைதான். பிற்பாடுதான் எச்.ஐ.வி, மஞ்சள் காமாலைக் கிட்டுகளை நம் நாட்டில் மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். மற்ற எத்தனையோ கிட்டுகள் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. ஆனால் அன்று அந்த அலுவலகப் படியில் நின்று நான் நினைத்தது இதுதான்: பட்டை தனக்கொடியின் உடம்புக்குள் போகவில்லை. அவள் வீடு, வேலை, வயிற்றுப் பிள்ளை எல்லாவற்றுக்குள்ளும் போயிற்று. அதை அளக்க எந்த ரூலும் இல்லையா?

3

கல்யாணமாகி இங்கே வந்தேன். வீட்டுக்காரர் செந்தில் பெண்ணாடத்துக்காரர். அவர் அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டர், இவர் இங்கே ஓர் இயந்திரக் கம்பெனியில்.

முதல் வருடம் முழுக்க மொழியில் விழுந்து எழுந்தேன். ஜெர்மனில் 'ப்ரோபெ' என்றால் மாதிரி; ரத்த மாதிரிக்கும் அதே சொல்தான். வகுப்பில் அதைப் படித்த வாரம், தெருமுனை தேவாலயத்தில் 'வியாழன் மாலை ப்ரோபெ, அனைவரும் வருக' என்று ஒட்டியிருந்தது. நம் ஊர் போல இலவச ரத்தப் பரிசோதனை முகாம் என்று நினைத்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். இருபது பேர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். பாட்டு ஒத்திகைக்கும் ப்ரோபெ என்றுதான் பெயராம். எழுந்து போக வெட்கப்பட்டு முடியும்வரை வாயசைத்தேன்.

டிப்ளமோவை ஏற்றுக்கொள்ளச் செய்ய இரண்டு வருடம் அலைந்தேன். எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று முத்திரையோடு தாள் கேட்டார்கள். ஊரிலிருந்து தாள் வந்தது. முத்திரை வட்டமாக இல்லை, நீள்சதுரமாக இருக்கிறது என்று திருப்பினார்கள். வட்ட முத்திரையோடு வந்தபோது, அது மொழிபெயர்ப்பாளரின் முத்திரைக்கு மேல் விழுந்திருக்கிறது என்றார்கள். கடைசியில் பாதிப் படிப்பை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். ரத்தத்தைத் தொடும் வேலை கிடைக்காது என்று தெரிந்தது. கிட்டுக் கம்பெனியில் பட்டைகளைப் பையில் போடும் வரிசையில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படிக்க ஆள் வேண்டுமென்று ஒரு நாள் கேட்டார்கள். கை தூக்கினேன். அப்படித்தான் புகார்ப் பிரிவுக்கு வந்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வட்ட முத்திரை, நீள்சதுர முத்திரை விவகாரத்தில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் புகார்ப் பிரிவில் உட்கார்ந்த பிறகு, அதே பிடிவாதம் ஒரு பட்டையின் மேல் திரும்பும்போது என்னவாகிறது என்று பார்த்தேன். ஐரோப்பாவில் இந்தக் கிட்டுகளுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. எந்தச் சூட்டில் எத்தனை மாதம் வைத்துப் பார்த்தாய், காட்டு. பட்டை எந்த இயந்திரத்தில் எந்த நாளில் ஒட்டப்பட்டது, காட்டு. தவறான பதில் சொன்னால் அரசுக்குச் சொல், வாங்கியவனுக்குச் சொல். ஜங்ஷன் ரோட்டில் நான் ஏங்கியது இதற்குத்தான்.

4

ஒரு கோடை முடிவில் தெற்கு இத்தாலியிலிருந்து ஒரு மருத்துவமனை எழுதியது. எங்கள் ஹெபடைட்டிஸ் பி பட்டை, அந்த நோய் இருப்பது முன்பே உறுதியான ஒருவருக்கு 'இல்லை' என்று காட்டுகிறது. இது தனக்கொடிக்கு நடந்ததன் தலைகீழ். இல்லாததை இருக்கிறது என்று சொல்வது ஒரு குடும்பத்தை உடைக்கும். இருப்பதை இல்லை என்று சொன்னால் அந்த ரத்தம் இன்னொருவருக்கு ஏறும். தாயிடமிருந்து பிறக்கும் பிள்ளைக்குப் போகும். பிறந்த உடனே ஊசி போட்டால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். போட வேண்டும் என்று தெரிந்தால்தானே.

விசாரித்ததில் காரணம் கிடைத்தது. ஒரு வாரம் மட்டும் பை ஒட்டும் இயந்திரத்தில் சூடு குறைந்திருக்கிறது. பையின் ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை. அந்த வழியாக ஈரம் போகிறது. குளிர்ந்த ஊர்களில் பட்டை தாக்குப்பிடிக்கும். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர்களில் சீக்கிரம் செத்துவிடும்.

கெர்லாக் அன்றே அரசுக்கு எழுதினார். ஐரோப்பாவில் வாங்கிய எல்லோருக்கும் கடிதம் போனது, பெட்டிகள் திரும்பி வந்தன. ஒரு குறையும் சொல்ல முடியாது. பத்து நாளில் கோப்பை என்னிடம் தந்து மூடச் சொன்னார்.

நான் விநியோகப் பட்டியலைப் பார்த்தேன். ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டி நீலம். வெளியே போகும் பெட்டி பச்சை. உள்ளே பட்டை ஒன்றுதான், அந்த வாரத்து எண்ணும் ஒன்றுதான். பச்சைப் பெட்டி ஏழு நாடுகளுக்குப் போயிருந்தது. ஏழும் வெயில் நாடுகள். கடிதம் ஒன்றுக்கும் போகவில்லை.

கெர்லாக்கின் அறைக்குப் போனேன்.

"இந்த ஏழு நாடுகளுக்கு எப்போது எழுதப்போகிறோம்?"

"அங்கே விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுப்பு."

"அவர்களுக்கே தெரியாதே. நாம் சொல்லவில்லையே."

"ஃபிராவ் கோவிந்தசாமி, நம் சட்டம் கேட்பதை எல்லாம் செய்துவிட்டோம். அதற்கு வெளியே இருப்பதைச் சட்டம் கேட்கவில்லை. அங்கிருந்து ஒரு புகார்கூட வரவில்லை."

"புகார் வராது. நோய் இல்லை என்று பதில் வந்தால் யார் புகார் கொடுப்பார்கள்? வீட்டுக்குப் போய்விடுவார்கள்."

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் இரக்கமாகவே சொன்னார்: "இதில் இந்தியா இல்லையே."

"இல்லை."

"பிறகு உங்களுக்கு இது ஏன் சொந்த விஷயமாகிறது?"

அந்தக் கேள்விக்கு என் ஜெர்மன் போதவில்லை. "சொந்த விஷயம்தான்" என்று மட்டும் சொன்னேன். "கோப்பை நான் மூட மாட்டேன்."

5

வீட்டில் சொன்னபோது செந்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

"நாம இங்க வந்தவங்க வளரு. விசா உன் வேலையிலயும் என் வேலையிலயும் நிக்குது. அவங்க கம்பெனி, அவங்க சட்டம். நீ என்னாத்துக்கு நடுவுல போயி நிக்கற?"

"வந்தவங்கன்னா வாய வெளியில வெச்சிட்டு வரணுமா?"

"நான் அப்புடி சொல்லல."

"அப்புடிதான் சொல்றீங்க. எங்க ஊர்ல, திரும்பி வராதன்னு சொன்னாங்க, போனன். இங்க அதவிடப் பெருசா என்னா சொல்லிடுவாங்க?"

அவர் தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் டீ போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு, "எழுதறத தெளிவா எழுது. கோவமா எழுதாத" என்றார். அவர் அப்பா ஆலையில் சங்கத்துக்காரர். அந்த ரத்தம் எங்கே போகும்.

கெர்லாக்கிடம் கொடுக்க வேண்டிய தாளை எழுத உட்கார்ந்தேன். என் மகள் யாழினிக்கு அப்போது ஏழு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். 'ழ' அவள் வாயில் நிற்காது. தன் பெயரையே யாலினி என்பாள். இவள் என்னைவிட்டு எந்தப் பக்கமோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் புலம்பியிருக்கிறேன். அன்று தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, 'டேர்' இல்ல. 'டேம்'." பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடும் ஜெர்மன் சொல்லை நான் மாற்றிப் போட்டிருந்தேன்.

திருத்தினேன். அடுத்த வரியில் இன்னொன்றைக் காட்டினாள். அதையும் திருத்தினேன். ஒரு பக்கத்தில் ஆறு பிழை. பெண் பிள்ளைக்கு மொழி போகிறது என்று அழுத எனக்கு, அவள் மொழி தேவைப்பட்டது.

"இது என்னா சண்டை?" என்று கேட்டாள், பாதித் தமிழில்.

"ஒரு டெஸ்ட்டு இருக்குது. வீட்டுல நெருப்பு புடிச்சா மணி அடிக்குமே, அது மாதிரி அது சத்தம் போடணும். ஆனா போடல. அது கெட்டுப்போனது சில பேருக்குச் சொல்லியாச்சி. சில பேருக்கு இன்னும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அவங்க தூரத்துல இருக்காங்க."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "தூரத்துல இருந்தா லெட்டர் போடலாமே" என்றாள். பிறகு பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

6

நான் எழுதியது இவ்வளவுதான். இந்த எண்ணுள்ள பட்டைகள் இந்த ஏழு நாடுகளுக்கும் போயிருக்கின்றன. அந்த நாடுகளின் வெயிலில் அவை சீக்கிரம் கெடும் என்று நம் சோதனையே சொல்கிறது. அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'மேற்கண்ட நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தவர்' என்று தட்டச்சு செய்து, பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டேன். கொண்டுபோய் கெர்லாக்கின் மேசையில் வைத்தேன்.

"இதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் நான் கோப்பை மூடுகிறேன்."

படித்தார். முகம் சிவந்தது. "இப்படி ஒரு படிவம் நம்மிடம் இல்லை" என்றார்.

"நான் செய்தேன்."

"இதை வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர்கள் பார்ப்பார்கள்."

"ஆமாம். கோப்பில் இருப்பதை அவர்கள் பார்க்கத்தான் வேண்டும்."

"நீங்கள் என்னை மிரட்டுகிறீர்களா?"

"இல்லை. முடிவு உங்களுடையது. உங்கள் பெயரை எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்."

மூன்று நாள் கோப்பு அவர் மேசையிலேயே கிடந்தது. யாரும் என்னோடு காபி குடிக்க வரவில்லை. இரண்டு முறை மேலதிகாரியின் அறைக்கு அவர் போய் வந்ததைப் பார்த்தேன். நானும் திடமாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் பஸ்ஸில் வரும்போது தவறான நிறுத்தத்தில் இறங்கி மழையில் நடந்தேன்.

நான்காம் நாள் காலையில் என் மேசையில் ஏழு கடிதங்கள் இருந்தன. ஏழிலும் கெர்லாக்கின் கையெழுத்து. நான் தயாரித்த தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை. குறுக்கே ஒரு கோடு கிழித்து, 'தெரிவிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டிருந்தார். ஏழு கடிதங்களையும் நானே தபாலில் சேர்த்தேன். கோப்பில் சுருக்கொப்பம் போட்டேன்.

இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்கு, நம் ஊரில் எல்லாம் கோளாறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ராஜமாணிக்கமும் கெர்லாக்கும் ஒன்றுதான். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேரும் கேட்காத இடத்தில் பேச விரும்பாதவர்கள். வித்தியாசம், கெர்லாக்கிடம் பெயர் எழுதச் சொல்லி நீட்ட ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளை யாரோ ஒருவர் வந்து படிப்பார் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குப் பெயர்தான் சட்டம். அதை நம் ஊரிலும் உண்டாக்கலாம். ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு, ஏதோ ஒரு கிட்டாவது கிடைக்கிறதே என்று பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கெட்டுப்போன கிட்டு கிடைப்பதைவிடக் கிட்டே இல்லாமல் இருப்பது மேல். கிட்டு இல்லை என்றால் டாக்டர் சந்தேகத்தோடாவது இருப்பார்.

அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். பதவி உயர்வு என் பக்கத்து மேசைக்குப் போனது. அங்கே இருப்பவர் நல்ல பெண், எனக்குப் பிறகு சேர்ந்தவர். நான் எங்கும் போகவில்லை. அதே நாற்காலியில்தான் இருக்கிறேன்.

ஏழு கடிதங்களில் நான்குக்குப் பதிலே இல்லை. இரண்டு விநியோகஸ்தர்கள் பெட்டிகளை எடுத்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதினார்கள். கடைசிப் பதில் இரண்டு மாதம் கழித்து, விநியோகஸ்தர் எங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்த ஒரு தீவு நாட்டுப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு நர்ஸ். பச்சைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, இன்னும் பிரசவமாகாத பெண்களைத் தேடிப் பிடித்து வேறு கிட்டில் மறுபடி சோதித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குப் பதில் மாறியிருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்த அன்றே ஊசி போட்டாயிற்று. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றும் எழுதியிருந்தார். அது எந்தப் படிவமும் கேட்காத விவரம். கீழே ஒரு கேள்வி: இனி இப்படி எதையாவது பார்த்தால் நாங்கள் விநியோகஸ்தருக்கு எழுத வேண்டுமா, உங்களுக்கே எழுதலாமா?

கம்பெனி விதிப்படி விநியோகஸ்தருக்குத்தான் எழுத வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. 'எனக்கு எழுதுங்கள்' என்று பதில் அடித்தேன். என் மேசையின் நேரடித் தொலைபேசி எண்ணைப் போட்டேன். நகல் பெறுபவர் என்ற இடத்தில் கெர்லாக்கின் பெயரைச் சேர்த்து அனுப்பினேன்.